இடக்கைக்காரன் நிற்கும் இடம்

பட்டிக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் எங்கள் குதிரைகள் மூன்று கிடந்தன. இரண்டு செத்து விறைத்திருந்தன. மூன்றாவது, சாம்பல் நிறச் சினைக்குதிரை, முன்னங்காலை ஊன்றி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதன் பின்தொடையை ஓநாய்கள் உயிரோடே தின்றிருந்தன. கிழிந்த வயிற்றில் குட்டியின் குளம்பு ஒன்று வெளியே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் காதை விடைத்துக்கொண்டு கனைக்கப் பார்த்தது. என் புருஷன் எசெனாலி அதன் தலையை மடியில் சாய்த்து, இடக்கையால் கத்தியை உருவிக் கழுத்தை அறுத்தார். ரத்தம் ஆவி பறக்கப் பனியில் ஓடியது. அது அடங்கும்வரை பிடரியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எழுந்ததும், "உன் அண்ணனுங்களை வரச் சொல்லு சூரா. இந்தக் கூட்டத்தை விட்டா பட்டியே காலி" என்றார்.

எனக்கு இரண்டு அண்ணன்கள். மூத்தவன் பெக்தூர் குதிரை பழக்குகிறவன். மலை மாதிரி உடம்பு. அவனுக்கு வாயைவிடக் கை முந்தும். இளையவன் ஜுமாதில் நேரெதிர், வாயாலேயே ஊரைக் கலக்குவான். எங்கள் ஊர் அத்பாஷியில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவனைச் சுற்றிப் பத்துப் பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள், பதினோராவது ஆள் முகம் சிவந்து நிற்பான். அந்தப் பதினோராவது ஆள் பெரும்பாலும் என் புருஷன்தான். அவர் இடக்கைக்காரர். உண்பதைத் தவிர எல்லாம் இடக்கைதான். ஜுமாதிலுக்கு அது போதும்.

இலையுதிர் காலத்தில் ஒரு கல்யாணத்தில் ஆட்டுடலைப் பறித்து ஓடும் குதிரை ஆட்டம் நடந்தது. கையில் வந்த ஆட்டை அவர் நழுவவிட்டார். ஜுமாதில் கூட்டத்துக்கு நடுவே சேணத்தில் எழுந்து நின்று, "பீச்சாங்கையில ஆட்டைப் புடிச்சா ஆடே கூச்சப்பட்டுக் கீழ குதிச்சிடும்யா!" என்று கத்தினான். ஊரே சிரித்தது. அவர் குதிரையோடு போய் அவன்மேல் மோதினார். இரண்டு பேரும் புழுதியில் கட்டிப் புரண்டார்கள். பிரித்துவிட்டபோது மூக்கில் ரத்தம் வழிய, "ஒருநாள் இல்ல ஒருநாள் உன்னைக் கொல்லாம விடமாட்டேன்டா மச்சான்" என்றார். மறுவாரமே ஜுமாதில் ஒரு புட்டி வோட்காவோடு வந்து சமாதானமாகிவிட்டான். ஆனால் சொன்ன சொல்லை ஊரே கேட்டிருந்தது. பெக்தூரும் கேட்டிருந்தான்.

ஓநாய் வேட்டைக்குப் போன அன்று காலையில் ஜுமாதில் தேநீர்க் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டுத் தன் புதுத் துப்பாக்கியை விரிப்பின்மேல் வைத்தான். அடுத்தடுத்து ஐந்து தோட்டா சுடும் தானியங்கி.

"மாப்ள, இன்னைக்கு இது உனக்கு."

"எனக்கு என்னோடது இருக்கு மச்சான்."

"எது? அந்த ரெட்டைக்குழலா? ரெண்டு தடவை வெடிச்சிட்டு அப்புறம் ஓநாய்கிட்ட கொஞ்சம் பொறு, தோட்டா போட்டுக்கிறேன்னு சொல்லுவியா? குதிரை போனது உனக்கு. கொல்ற பாக்கியமும் உனக்கே இருக்கட்டும். நான் பழைய துப்பாக்கியில சமாளிச்சிக்கிறேன்."

அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய இரட்டைக்குழலில், தானாக வெடிக்காமல் தடுக்கும் பூட்டு நடுமுதுகில் இருக்கும், எந்தக் கைக்கும் ஒன்றுதான். இதில் விசைக்குப் பின்னால் குறுக்கே ஓடும் ஒரு பொத்தான். இடமிருந்து வலமாகத் தள்ளினால் பூட்டு. வலமிருந்து இடமாகத் தள்ளினால் வெடிக்கத் தயார்.

"எல்லாம் வலக்கைக்காரனுக்குன்னு செஞ்சது. வெடிச்ச தோட்டாக் கூடுகூட என் மூஞ்சிக்கு முன்னாலதான் பறக்கும்" என்றார்.

"ஓநாய் மூஞ்சிக்கு நேரா என்ன பறக்குதுன்னு பாரு மாப்ள. உன் மூஞ்சி ஏற்கெனவே அப்படித்தான் இருக்கு."

பெக்தூரே சிரித்துவிட்டான். அவரும் சிரித்தபடி துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். இடுப்பில் தோட்டா வாரைக் கட்டினார். தடித்த தோட்டாக்கள் வயிற்றைச் சுற்றி வரிசையாகப் புடைத்து நின்றன.

பள்ளத்தின் வாயில் இன்னொரு பேச்சு நடந்தது. நான் மேட்டுக்குப் போகக் குதிரையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மேலிருந்து கத்தி, ஓநாய்களைக் கீழே விரட்டுவது என் வேலை. அவர்கள் மூவரும் வரிசையாகப் புதர்களுக்குள் மேலேறி வர வேண்டும். வரிசையில் அவர் எப்போதும் வலது கடைசியில்தான் நிற்பார். அன்று அந்த இடத்தை ஜுமாதில் பிடித்துக்கொண்டான். ஊற்று இருக்கும் வலப்பக்கமாகத்தான் ஓநாய் உடைத்துக்கொண்டு ஓடும் என்பது அவன் கணக்கு.

"மச்சான், அது என் இடம். நான் இடக்கக்கத்துல வெச்சா குழல் வலது பக்கம் பாக்கும். நீ அங்க நின்னா நாள் பூரா உன்னையே பாத்துக்கிட்டிருக்கும்."

"பாக்கட்டுமே. என் மூஞ்சி அவ்வளவு லட்சணம். பாத்தாக் கொன்னுடுமா?"

"விளையாட்டில்ல மச்சான்."

"யோவ், துப்பாக்கியும் குடுத்தேன், இடமும் வேணுமா? பூட்டைப் போட்டுக்கிட்டு நட. எப்பவும் என்னைவிட நாலடி பின்னால வா, சரியாப் போச்சு."

பெக்தூர் எரிச்சலோடு, "பொம்பளைங்க மாதிரி இடத்துக்கா சண்டை? வெளிச்சம் ஏறுது, நடங்க" என்றான். பெக்தூர் இடது கோடிக்குப் போனான். என் புருஷன் நடுவில் நின்றார்.

மேட்டிலிருந்து எனக்கு மூவரும் தெரிந்தார்கள். நான் கத்திக்கொண்டே இறங்கியபோது புதரிலிருந்து ஐந்து ஓநாய்கள் சிதறி ஓடின. பெக்தூர் முன்னால் ஓடியதைச் சுட்டான். அது தலைகுப்புற விழுந்து, முதுகு ஒடிந்து, முன்னங்காலால் பனியைப் பறண்டிக்கொண்டு சுழன்றது. ஒரு பெரிய பெட்டை நேராக என் புருஷனை நோக்கி வந்தது. அவர் சுட்டார். வெடித்த கூடும் மருந்துப் புகையும் முகத்துக்குக் குறுக்கே அடித்ததில் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்ததை நான் மேலிருந்தே பார்த்தேன். அடுத்த குண்டு தாழ்ந்து போய் ஓநாயின் வயிற்றைத் திறந்தது. அது குடலை இழுத்துக்கொண்டே ஜுமாதில் பக்கமாகப் புதருக்குள் போய் விழுந்தது. மற்றவை ஓடிவிட்டன.

அவர் துப்பாக்கியை இறக்கினார். ஆள்காட்டி விரலால் பொத்தானைத் தள்ளினார். அந்த அசைவு எனக்குத் தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் எப்படித் தெரிந்தது என்று பிறகு பலர் கேட்டார்கள். இருபது வருஷம் ஒரே அடுப்பில் கை நீட்டியவளுக்கு அவர் கை என்ன செய்கிறது என்று தெரியாதா?

துப்பாக்கியை இடக்கக்கத்தில் இடுக்கி, குழலை வலக்கையில் தாங்கிக்கொண்டு மேலேறினார். ஜுமாதில் அவருக்கு வலப்பக்கம் நாலடி முன்னால் போய், ஓநாய் விழுந்த புதரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று கத்தினான்.

"மாப்ள! வயித்துலயா சுடுவ? பீச்சாங்கை புத்தி அங்கதான்யா போகும்!"

அவர் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பனியின் மேலோடு உடைந்து தொடைவரை உள்ளே போனார். துப்பாக்கியின் விசை புதருக்குள் சிக்கி இழுபட்டது. வெடித்தது.

ஜுமாதில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். கீழே பார்த்தான். வலது முழங்கால் இருந்த இடத்தில் துணியும் எலும்பும் சதையும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. கீழ்க்கால் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது.  அதற்குப் பிறகு அவனிடமிருந்து வந்த சத்தத்தை நான் எந்த விலங்கிடமும் கேட்டதில்லை.

ரத்த வாடையோ அந்தச் சத்தமோ, புதருக்குள் கிடந்த பெட்டை ஓநாய் எழுந்தது. குடல் பனியில் இழுபட வந்து ஜுமாதிலின் முன்கையைக் கவ்விக்கொண்டு உலுக்கியது. என் புருஷன் துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டுக் குழியிலிருந்து ஏறி அதன்மேல் விழுந்தார். வலக்கையை அதன் தாடைக்குள் திணித்து அண்ணன் கையை விடுவித்தார். இடக்கையால் கத்தியை விலாவில் இறக்கினார், இழுத்தார், இறக்கினார். ஓநாய் செத்த பிறகும் இறக்கிக்கொண்டே இருந்தார். நான் போய்ச் சேர்ந்து, கடிவாள வாரை உருவி ஜுமாதிலின் தொடையில் இறுக்கும்போதுதான் நிறுத்தினார்.

"பூட்டு போட்டேன் சூரா. போட்டேன்" என்றார். அவர் வலக்கை விரல்களிலிருந்து தோல் தொங்கிக்கொண்டிருந்தது.

பெக்தூர் ஓடி வந்தான். துப்பாக்கியை எடுத்துப் பொத்தானைப் பார்த்தான். அது திறந்திருந்தது. என் புருஷன் முகத்தைப் பார்த்தான். தம்பியைத் தூக்கிக் குதிரையில் போட்டான்.

ஆஸ்பத்திரியில் ஜுமாதிலின் காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். மறுநாள் வெட்டிய சேதி வந்ததும் பெக்தூர் வாசலுக்கு வந்தான். நாங்கள் இருவரும் எங்கள் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். அவர் வலக்கையில் கட்டு. பெக்தூர் தன் வண்டிக்குள் கைவிட்டுச் சக்கரம் கழற்றும் இரும்பை எடுத்தான்.

"கொல்லுவேன்னு சொன்ன. ஊருக்கு முன்னால சொன்ன."

"மச்சான், சத்தியமா நான்..."

"பூட்டு திறந்திருந்துச்சு. குழல் அவன் மேல இருந்துச்சு. இதுக்கு மேல என்னடா வேணும்?"

முதல் அடி தோளில். அவர் கீழே விழுந்தார். கையைக்கூடத் தடுப்பதற்குத் தூக்கவில்லை. பெக்தூர் அவருடைய இடக்கை மணிக்கட்டின்மேல் பூட்ஸ் காலை வைத்து, கையைக் கல்தரையில் விரித்து மிதித்துக்கொண்டான். இரும்பு இறங்கியது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். மறுபடி இறங்கியது. நான் ஜீப்புக்குள் கிடந்த குதிரைச் சாட்டையை எடுத்து என் கூடப்பிறந்தவன் முகத்தில் ஓங்கி வீசினேன். கன்னம் கண்ணிலிருந்து தாடைவரை பிளந்தது. இரண்டாவது வீச்சு அவன் காதைக் கிழித்தது. ஆஸ்பத்திரி ஆட்கள் வந்து எங்கள் மூவரையும் பிரித்தார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி துப்பாக்கியைக் காலி செய்து, வலக்கக்கத்தில் வைத்து நடந்து பார்த்தார், குலுக்கினார், தரையில் தட்டினார். பொத்தான் பூட்டிய இடத்தில் அசையாமல் இருந்தது. "துப்பாக்கியில கோளாறு இல்ல. இவரு பூட்டு போட மறந்திருக்காரு" என்று முடித்துவிட்டார். தானியங்கி ஜுமாதில் வீட்டுக்கே திரும்பிப் போனது; என் புருஷனின் துப்பாக்கி உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள். பெக்தூரின்மேல் அவர் புகார் கொடுக்கவில்லை. நான் கெஞ்சியும் கொடுக்கவில்லை.

பனிக்காலம் முழுக்க அவர் மாவுக்கட்டுப் போட்ட இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முதலில் "பூட்டு போட்டேன்" என்றார். பிறகு "போட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றார். கடைசியில் ஒரு காலை, நான் சட்டைப் பித்தானை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, "போடல போலிருக்கு சூரா" என்றார். எனக்கு அவர் கை உடைந்த சத்தத்தைவிட அது பெரிதாகக் கேட்டது.

"நான் பாத்தேன். நீங்க போட்டீங்க."

"புருஷனுக்காகப் பாத்திருப்ப."

ஜுமாதில் வீட்டிலிருந்து எந்தச் சேதியும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவன் யாரோடும் பேசுவதில்லை என்று அவன் மனைவி, என் அண்ணி அனார்கான் சொல்லி அனுப்பியதோடு சரி.

பனி உருகத் தொடங்கி, ஆடுகள் குட்டி போடும் நாட்களில் அது நடந்தது. பிற்பாடு அண்ணி எனக்கு அழுதுகொண்டே சொன்னாள். ஜுமாதில் ஒற்றைக் கவைக்கோலோடு வீடு திரும்பியிருந்தான். வலது கால் இல்லாததால் கோல் வலது கக்கத்தில். ஆட்டுப் பட்டிப் பக்கம் ஓநாய்த் தடம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, "என் துப்பாக்கியைக் குடுங்க, நான் இன்னும் சாகல" என்று அடம்பிடித்திருக்கிறான். தோட்டா வாரைக் கட்டிக்கொண்டு, ஐந்து தோட்டாவையும் போட்டு, பொத்தானைப் பூட்டினான். வலக்கையில் கோல் இருந்தால் துப்பாக்கி எங்கே போகும்? இடது கக்கத்துக்குத்தான் போனது.

பெக்தூர் தன் கறுப்புக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். ஊரில் அதற்கு ஈடான ஓட்டக்குதிரை கிடையாது. ஜுமாதில் முற்றத்தைக் கடந்து நொண்டி நொண்டிப் போனான். ஒவ்வொரு எட்டுக்கும் துப்பாக்கி அவன் வயிற்றில் உரசியது. குதிரைக்குப் பக்கத்தில் போனதும் கோல் சேற்றில் வழுக்கியது. விழாமல் இருக்கத் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தான், விரல் விசையை அழுத்திவிட்டது.

கறுப்புக் குதிரையின் தலை பாதி காணாமல் போனது. அது பெக்தூரின்மேல் சாய்ந்து, அவனை நசுக்கிக்கொண்டு விழுந்து, கால்களை உதைத்து உதைத்துச் செத்தது. சிதறிய குண்டில் மூன்று பெக்தூரின் தோளுக்குள் இருந்தன. குதிரைக்கு அடியிலிருந்து அவனை இழுத்தபோது குதிரையின் மூளை அவன் தாடியெல்லாம் ஒட்டியிருந்தது.

"பூட்டு போட்டேன்" என்றானாம் ஜுமாதில். சேற்றில் உட்கார்ந்தபடி. "அண்ணே, நீ பாத்தல்ல? உன் கண்ணு முன்னால போட்டேன்ல?"

பெக்தூர் பார்த்திருந்தான்.

அன்று முழுக்க ஜுமாதில் துப்பாக்கியைக் காலியாக்கி, பொத்தானைப் பூட்டி, இடது கக்கத்தில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்திருக்கிறான். நாலு எட்டு, ஐந்து எட்டு, தோட்டா வாரின் புடைப்பு பொத்தானில் படும், பொத்தான் சத்தமில்லாமல் இடப்பக்கம் நகரும். திறந்துகொள்ளும். வலது கக்கத்துக்கு மாற்றினால் துப்பாக்கியின் இடப்பக்கம் உடம்போடு உரசும், அப்போது அதே வார் பொத்தானைப் பூட்டும் பக்கமே தள்ளும். வலக்கைக்காரனை அவன் உடம்பே காப்பாற்றும். இடக்கைக்காரனுக்கு அவன் உடம்பே எமன். திரும்பத் திரும்ப நடந்து பார்த்துவிட்டு, அண்ணன் காலடியில் துப்பாக்கியைப் போட்டானாம்.

"வரிசையில அவன் இடத்தை நான்தான் புடுங்கினேன். துப்பாக்கியையும் நான்தான் திணிச்சேன். ஆஸ்பத்திரியில நீ அவன் கையை உடைச்சிட்டேன்னு வந்து சொன்னப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுண்ணே. வா, போகலாம்."

வந்தார்கள். பெக்தூரின் தோளில் கட்டு, வண்டியில் ஒரு செம்மறிக் கிடா கட்டியிருந்தது. ஜுமாதில் வண்டியை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கி, நடந்ததையெல்லாம் சொன்னான். வழக்கமான நக்கல் ஒன்றுகூட இல்லை. என் புருஷன் வாசல்படியில் நின்று கேட்டார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. "அப்போ நான் போட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னார், தனக்குள்.

பெக்தூர் விறகு பிளக்கும் கட்டைக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டு, தன் வலக்கையை அதன்மேல் விரித்தான். கோடாலியை மழுங்கிய பக்கத்தால் அடிக்கும்படி திருப்பி, பக்கத்தில் வைத்தான். அவன் கன்னத்தில் என் சாட்டைத் தடம் இன்னும் ஊதா நிறத்தில் இருந்தது.

"உடை மாப்ள. நான் கையை இழுக்க மாட்டேன்."

அவர் படியிறங்கிப் போனார். கோடாலியைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உடைக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

"எந்திரி" என்றார்.

பெக்தூர் எழுந்தான். அவர் வலக்கையை மடக்கி அவன் முகத்தில் குத்தினார். அந்தக் கையால் யாரையும் அடித்துப் பழக்கமில்லை. குத்து வழுக்கிக் காதில் பட்டது. அடுத்தது உதட்டைப் பல்லோடு சேர்த்துக் கிழித்தது. மூன்றாவது நெஞ்சில் பட்டது, கை வலித்து அவரே உதறினார். பெக்தூர் கையைக் கீழே போட்டுக்கொண்டு நின்றான், ரத்தம் தாடையில் சொட்டியது.

வண்டிக்குள்ளிருந்து ஜுமாதிலால் பொறுக்க முடியவில்லை. "மாப்ள, அந்தக் கையில உனக்கு மூக்குச் சிந்தவே வராது. அதுல போயி சண்டையா? எங்கண்ணன் சாயங்காலம் வரைக்கும் நின்னுதான் சாகணும்."

யாரும் சிரிக்கவில்லை. என் புருஷனின் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். கட்டையின்மேல் உட்கார்ந்து, உடைந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி ஓலமிட்டு அழுதார். அவ்வளவு காலமும் ஒரு சொட்டு விடாதவர். பெக்தூர் என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தான், குளிருகிறது என்று.

கிடாவைப் பெக்தூர்தான் அறுத்தான். எல்லோரும் ஒரே தட்டில் கை வைத்துத் தின்றார்கள். நான் பெரியண்ணனுக்குத் தேநீர் ஊற்றினேன், ஆனால் பேசவில்லை.

அவருடைய இடக்கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. கத்தி பிடிக்கிறார், கடிவாளம் பிடிக்கிறார், துப்பாக்கியைத் தொடுவதில்லை. அந்தத் தானியங்கியை ஜுமாதில் சம்மட்டியால் அடித்து ஆற்றில் போட்டுவிட்டான், விற்றால் வேறொரு இடக்கைக்காரன் கையில் போய்ச் சேரும் என்று.

அடுத்த குளிர்காலத்தில் ஓநாய்கள் மறுபடி வந்தன. இப்போது மேட்டில் நானும் அவரும் சேர்ந்து குதிரையில் கத்திக்கொண்டு விரட்டுகிறோம். கீழே வரிசையில் பெக்தூரும் பக்கத்துப் பட்டிக்காரர்களும் நிற்கிறார்கள். அந்தக் குளிர்காலத்தின் முதல் ஓநாய் விழுந்ததும் பெக்தூர் தொப்பியைக் கழற்றி எங்களைப் பார்த்து ஆட்டினான். அவர் அவனைப் பார்த்தார். கையைத் தூக்கவில்லை. "அந்தப் பக்கப் பள்ளத்துல இன்னும் ரெண்டு இருக்கும், வா" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.